மாணவர் கையில் என்ன நூல்?

கரியாலூர்ப் பக்கத்து மலையூர்களிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து பயிலும் மாணவரிடம், "பாடநூலைத் தவிர வேறு என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தேர்வாணையத் தேர்வுக்குரிய வினா-விடைத் தொகுப்பு என்பார் ஒருவர்; கைப்பேசியில் வரும் அறிவியல் துணுக்குகள் என்பார் இன்னொருவர். படிப்பு அருகிவிட்டது என்று புலம்புவோர் இதனைக் கவனிப்பதில்லை. மாணவர் படிக்கத்தான் செய்கின்றனர். ஆனால் படிப்பவை யாவும் விடைகள். மனத்தில் வினா எழுமுன்னரே விடை வந்து விழுந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது யாக்கோவ் பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்'. ரஷ்ய மொழியில் இதன் முதற்பாகம் 1913இல் வெளிவந்தது. ஆசிரியர் கல்லூரியில் பயின்றதோ பௌதிகமன்று, வனவியல்! மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் பதிப்பு, மற்றச் சோவியத் நூல்களைப் போலவே, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வாயிலாக மலிவு விலையில் கிடைத்துவந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் குலைந்ததும் அந்த வரத்து நின்றது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதங்களை உள்ளே இழுக்காமல், உடலை முன்னே சாய்க்காமல் எழுந்திருங்கள் என்கிறார் பெரெல்மான். (முயன்று பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.) எழ முடியாது. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு, பாதங்கள் அடங்கும் பரப்பினுள் விழுந்தாலன்றி உடல் நிற்காது. ஈர்ப்பு மையத்தை வரையறையாகச் சொன்னால் என் வகுப்பினர் பேசாமல் எழுதிக்கொள்கின்றனர். இதைச் செய்யச் சொன்னாலோ சண்டைக்கு வருகின்றனர்! அச்சண்டைக்காகவே இந்நூலைக் கையில் கொடுக்கலாம்.

ஆனால், நூலெங்கும் பனியும் சமோவாரும் கம்பளிக் கோட்டும். கோட்டு வெப்பம் தருவதில்லை, உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. அதையே பனிக்கட்டியின்மேல் போர்த்தினால் உருகுவது தாமதமாகும் என்பது அருமையான வாதம். நம்மூரில் ஐஸ் பாரை மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதும் இதே தத்துவந்தான். தமிழ்ப் பதிப்பு சொற்களை மாற்றியது, பொருள்களை மாற்றவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதற்கில்லை; மூலத்தைத் தருவதே அவர் பணி. பெ. நா. அப்புசாமி போன்றோர் வழிகாட்டியிருந்தும், பௌதிகம் கற்பிப்போரில் மிகச் சிலரே தம் ஊர்ப் பொருள்களை வைத்துத் தமிழில் எழுத முன்வந்தனர் என்பதே குறை.

கல்வராயன் மலையில் மட்டும் எத்தனை வினாக்கள் கிடக்கின்றன! உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. 900 மீட்டர் உயரத்தில் நீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அவ்வுயரத்தில் திறந்த பானையில் ஏற்றிய சாமைச் சோறு சமவெளியைவிடச் சீக்கிரம் வேகுமா, தாமதமாக வேகுமா? கொதிக்கத் தொடங்கியபின் விறகைக் கூட்டி எரித்தால் அது மாறுமா?