புறம்போக்கும் ஆனந்தபைரவியும்

மயிலாப்பூர்க்காரர்கள் ஒரு பாட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் ராகத்தைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு பாடியவரைப் பற்றி. நேரம் இருந்தால் சாகித்தியத்தைப் பற்றி. சாகித்தியம் எந்த விஷயத்தைச் சொல்கிறதோ அதற்கு வந்து சேர்வதற்குள் சபா கான்டீனில் காப்பி ஆறிப் போயிருக்கும்.

2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' விஷயத்திலும் இந்த வரிசை மாறவில்லை. டி. எம். கிருஷ்ணா பாடியது, கபேர் வாசுகி எழுதியது. ஆனந்தபைரவி, பேகடா என்று போகும் ராகமாலிகை. சாகித்தியமோ சென்னைத் தெருவில் பேசுகிற தமிழ். ஆனந்தபைரவியில் இந்தப் பேச்சா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனந்தபைரவியில் இந்தப் பேச்சும் உட்காருகிறதே என்று சிலர் வியந்தார்கள். இரு சாராரும் பேசியது ஆனந்தபைரவியைப் பற்றித்தான். 2024-ல் சங்கீத வித்வத் சபை கிருஷ்ணாவைச் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தெடுத்தபோது எத்தனை சண்டை! பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் படித்தேன். நான் படித்தவற்றில் எண்ணூர் என்ற ஊர் வரவில்லை.

பாட்டு எண்ணூரைப் பற்றியது. ஆகையால் நானாவது அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பாட்டின் பெரிய சாமர்த்தியம். புறம்போக்கு என்பது இன்று நாம் ஆட்டோக்காரரிடமும் அண்டை வீட்டுப் பையனிடமும் பிரயோகிக்கும் வசவு. வருவாய்த் துறைக் கணக்கில் அது வசவு அல்ல. தீர்வை விதிக்காமல் ஊருக்குப் பொதுவாக விட்ட நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று கிராமக் கர்ணத்தின் பழைய ஏட்டிலேயே இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாதது என்பது எப்படி ஒன்றுக்கும் உதவாதது என்று ஆயிற்று? இந்த அர்த்த மாற்றத்துக்குள்ளேயே ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் நாற்பது பக்கம் வேண்டும். இவர்கள் ஒரு பல்லவியில் சொல்லிவிட்டார்கள். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

எண்ணூரில் நடந்தது என்ன? அங்கே கொசஸ்தலையாறு கடலோடு சேரும் கழிமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுள் வட சென்னை அனல்மின் நிலையம் 1994-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டாம் கட்டமும் சேர்ந்தபின் அதன் திறன் 1,830 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலை நீரில் குழம்பாகக் கரைத்து, குழாய்களில் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் ஆற்றைக் கடந்துதான் போகவேண்டும். குழாய் என்றால் துருப்பிடிக்கும், விரிசல் விடும். விட்டது. வருஷக் கணக்காக ஒழுகியது. மீனவர்கள் இடுப்பளவு நீரில் இறால் பிடித்த இடங்களில் சாம்பல் மேடு தட்டிவிட்டது. படகு தரையில் இடிக்கிறது. இது நம் வீட்டு அடுப்பில் பாத்திரம் தேய்க்க எடுத்த சாம்பல் அன்று. ஆர்சனிக், பாதரசம், ஈயம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்தது.

கடற்கரை மண்டலத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டக்கூடாது என்று 1991-ஆம் வருஷத்து மத்திய அரசு அறிவிக்கையே சொல்கிறது. ஆக, இது சட்ட விரோதம். கொட்டியவன் நள்ளிரவில் லாரி ஓட்டி வந்த கள்ள வியாபாரி அல்லன். சர்க்காரின் சொந்த மின் கழகம். தடுக்கவேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சர்க்காருடையது. கழிமுகமோ புறம்போக்கு, அதுவும் சர்க்காருடையது. வேலியே பயிரை மேய்கிறது என்ற பழமொழி இங்கே போதாது. வேலி, மாடு, பயிர் மூன்றும் ஒரே பட்டாவில் இருக்கின்றன.

வரைபட விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பின்னால் மாநில அதிகாரிகள் கையில் புழங்கிய வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பைக் காணவில்லை! தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. நாவலாசிரியர்களாகிய நாங்கள் இல்லாத ஊரை இருப்பதாக எழுதிப் பெயர் வாங்குகிறோம். இருக்கிற ஆற்றை இல்லை என்று எழுதுவதற்கு எங்களைவிடப் பெரிய கற்பனை வேண்டும். காலையும் மாலையும் கடல் நீர் ஏறி இறங்குகிற இடம் அது. அங்கே போய் அரைமணி நேரம் நின்றிருந்தால் வரைந்தவரின் கால் நனைந்திருக்கும்.

இங்கேதான் பாட்டில் எனக்குக் குறை தெரிகிறது. பாட்டில் 'உனக்கும் எனக்கும்' உண்டு, 'அவர்கள்' உண்டு. அந்த அவர்கள் யார் என்ற முகவரி இல்லை. 2015-ஆம் வருஷ வெள்ளத்தையும், நீர் போகிற வழியில் வீடு கட்டியதையும், எண்ணூரையும் ஒரே மூச்சில் சொல்லும்போது குற்றம் எல்லாருக்கும் பங்காகிவிடுகிறது. எல்லாருக்கும் பங்கானால் ஆளுக்கு ஒரு துளிதான் வரும். கேட்டவர் ஒரு துளி வெட்கப்பட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம். மின் கழகம் ஒரு துளி வெட்கம்கூடப் படவேண்டியதில்லை. பிற்பாடு 2024-ல் அந்தக் கழகத்தைப் பிரித்துப் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள்.

இப்ஸன் 1882-ல் எழுதிய 'மக்களின் பகைவன்' நாடகத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோல் பதனிடும் சாலையின் அழுக்கு ஊர் நீராட்டுச் சாலையின் நீரில் கலக்கிறது. டாக்டர் கண்டுபிடிக்கிறார். நகரத் தலைவரான அவருடைய தமையன் மறைக்கச் சொல்கிறார், பத்திரிகைக்காரன் பின்வாங்குகிறான், ஊர் கல்லெறிகிறது. சத்யஜித் ராய் 1989-ல் இதையே கோயில் தீர்த்தமாக மாற்றிக் 'கணசத்ரு' என்று படம் எடுத்தார். இரண்டிலும் சண்டை உண்மை வெளியே வருமா வராதா என்பதுதான். எண்ணூரில் அந்தச் சண்டையே இல்லை. உண்மை எப்போதோ வெளியே வந்து நடுத்தெருவில் நின்றது. மீனவர் ஒருவர் 2016-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2017 அக்டோபரில் கமல ஹாசன் நேரில் போய்ப் பார்த்தார்; அப்போது அவர் கட்சி தொடங்கவில்லை. 2022 ஜூலையில் தீர்ப்பாயம் மின் கழகமே பொறுப்பு, சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கவேண்டும் என்றது. நடுவில் 2021-ல் ஆட்சியும் மாறிற்று. யாரும் கல்லெறியவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள், குழுக்கள் போட்டார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்ணில் படுகிற சாம்பல், கோட்டைக்குள் போனதும் மின்சாரமாகத் தெரிகிறது போலும். ஒப்புக்கொண்டே ஒன்றும் செய்யாதிருக்கும் இந்தக் கலையை இப்ஸன் அறியமாட்டார். அவருடைய நாடகம் முடிகிற இடத்தில்தான் நம்முடையது ஆரம்பமாகிறது. அதை எழுத இன்னும் ஆள் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. எண்ணூரை முடித்துவிட்டு உன் ஊருக்கும் வருவார்கள் என்று பாட்டு எச்சரிக்கிறது. கேட்பதற்கு நெஞ்சில் தைக்கிறது. ஆனால் பாட்டிலேயே எனக்குப் பொய்யாகப் படும் இடம் அதுதான். மயிலாப்பூருக்கு வரமாட்டார்கள். ஏற்பாடே அதுதானே! பனகல் பார்க்கைச் சுற்றி நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் ராத்திரியைப் பகலாக்குகின்றன. அதற்கான கரி வடக்கே எரிகிறது. சாம்பல் வடக்கேயே தங்குகிறது. அடையாறும் கடலில் கலக்கிற ஆறுதான். அதன் கழிமுகமும் ஒரு காலத்தில் குப்பைமேடாகக் கிடந்தது. 2011-ல் அங்கே 58 ஏக்கரில் மரம் நட்டு, நீர்த்துறைகளை மீட்டு, தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். நல்ல காரியம்; குறை சொல்லமாட்டேன். சர்க்காருக்குக் கழிமுகத்தை மீட்கத் தெரியும் என்பதற்கு அந்தப் பூங்காவே சாட்சி.

ஒரே ஒரு முறை வடக்கிலிருந்து தெற்கே வந்தது. பாட்டு வெளியான அதே மாதம் 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கடல் நீரோட்டம் அதை மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் கொண்டுவந்தது. நம்மவர்கள் காலில் கறுப்பு ஒட்டியது. கொஞ்ச நாள் எல்லாரும் அதையே பேசினோம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெயோ எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்தன. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். நம் பக்கத்தில் வெள்ளம் வடிந்தது, மின்சாரம் வந்தது, டிசம்பர் மாதக் கச்சேரிகள் தொடங்கின.