பேரூராட்சி எந்தப் பக்கம்? காரிமங்கலத்தை வைத்துச் சில குறிப்புகள்

கிராம - நகர இடைவெளியைப் பற்றி எழுதுகிறவர்கள், நானும் அதில் அடக்கம், பெரும்பாலும் ஒரு அட்டவணையோடு ஆரம்பிப்போம். இடது பக்கம் கிராமம், வலது பக்கம் நகரம். எழுத்தறிவு, கழிப்பறை, மாத வருமானம் என்று வரிசையாக எண்களை அடுக்கி, கீழே "இடைவெளி கூடிக்கொண்டே போகிறது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி. இந்த அட்டவணை மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது காரிமங்கலத்தில்தான்.

தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். குன்றின்மேல் அருணேசுவரர் கோயில், கீழே வாரச்சந்தை, தாலுகா ஆபீஸ், பெண்களுக்கு ஒரு அரசுக் கல்லூரி. நிர்வாகத்தில் பேரூராட்சி. ஆகவே நம் அட்டவணையில் இது வலது பக்கம் போகும்: நகரம். ஆனால் கடைவீதியை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் தென்னை, ராகி, தக்காளி. கடைவீதியே இந்தத் தோட்டங்களை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு சந்தை நாளில் டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். களை வெட்ட, கதிர் அறுக்கப் போகிறவர். தங்கச்சியைப் பக்கத்துக் கிராமத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவரும் அதே வேலைதான், சில நாள் இருவரும் ஒரே தோட்டத்தில். "அவளுக்கு நூறு நாள் வேல இருக்குது கண்ணு. எனக்கு இல்ல. நாங்க டவுனாம்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும்தான் என்று கொண்டுவரப்பட்டது. பேரூராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால், நீங்கள் நாள் முழுக்கச் சேற்றில் நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு நகரவாசி. குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் கலைஞர் கனவு இல்லம் திட்டமும் (வீட்டுக்கு 3.50 லட்சம்) ஊரகத்துக்கானது. நகரத்துக்கு வேறு திட்டம், வேறு பட்டியல். தமிழ்நாடு அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது தேர்ந்தெடுத்த சில இடங்களில் சோதனை முயற்சியாக வந்தது. சட்டம் தரும் உரிமையும் சோதனை முயற்சியும் ஒன்றா?

சரி, காரிமங்கலம் நகரம் என்று யார் முடிவு செய்தது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு வழிகளில் ஓர் ஊரை நகரம் என்கிறது. மாநில அரசு நகராட்சி, பேரூராட்சி என்று அறிவித்திருந்தால் அது தானாகவே நகரம், மேற்கொண்டு சோதனை கிடையாது. அறிவிக்காத ஊருக்கு மூன்று சோதனைகள்: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீத ஆண்கள் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். காரிமங்கலம் முதல் வகை. அதாவது அது நகரம் என்பது யாரும் அளந்து கண்டுபிடித்த உண்மை இல்லை, ஓர் அரசாணை.

அரசாணை என்பதால் திருப்பவும் முடியும். திருப்பியும் இருக்கிறார்கள். 2004இல் தமிழ்நாடு அரசு ஐநூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே ஆணையில் "சிறப்புக் கிராம ஊராட்சி" ஆக்கியது. ஊரக வளர்ச்சிக்கான மத்திய நிதி கிடைக்கட்டும் என்பது காரணம். ஆட்சி மாறி 2006இல் மறுபடி பேரூராட்சி. இரண்டு வருஷம் கிராமம், அப்புறம் நகரம். அதற்குள் எந்த வயலும் வீட்டுமனையாகிவிடவில்லை, யாருடைய கூலியும் இரட்டிப்பாகவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டே 2011 கணக்கெடுப்பின் "தமிழ்நாடு 48.4 சதவீதம் நகரமயம்" என்ற எண்ணைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறோம். அந்த எண்ணில் எத்தனை ராகிக் காடு, எத்தனை மாட்டுக்கொட்டகை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதே கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் நகர்ப்புறப் பங்கு 17.3 சதவீதம். அந்தச் சின்னப் பங்கிலும் பெரும்பகுதி காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் மாதிரியான பேரூராட்சிகள்தான்.

அரசியல் சாசனம் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையாக இருக்கிறது. 74ஆவது திருத்தத்தில் வந்த 243க்யூ பிரிவு, இப்படிப்பட்ட ஊர்களை "கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி" என்கிறது. மாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் மாறவில்லை. திட்டம் போடுகிறவர்கள் கையில் வரும்போது இந்த நடுநிலை காணாமல் போய்விடுகிறது. படிவத்தில் இரண்டே கட்டம்தான்.

மூன்றாவது சோதனையில் "ஆண்கள்" என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துகிறது. தர்மபுரி கிராமங்களில் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள், ஓசூரில் கம்பெனிக்குப் போகிறார்கள், டிரைவராகப் போகிறார்கள். காட்டைப் பார்ப்பது பெண்கள். வாரக்கடைசியில் வந்துபோகிறவர் இங்கே எண்ணப்பட்டு, "கொத்தனார்" என்று பதிவானால், அந்த ஊரே விவசாயத்தை விட்டுவிட்டது என்று கணக்கு காட்டும். தினமும் மண்வெட்டி பிடிக்கும் அவர் மனைவிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நாம் சொல்லும் இடைவெளி இரண்டு ஊர்களுக்கு நடுவில் மட்டுமா இருக்கிறது? பல நேரம் அது ஒரே வீட்டுக்குள், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஓடுகிறது. அட்டவணையில் அது வராது.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். பேரூராட்சி என்றால் தெருவிளக்கு, கால்வாய், குப்பை வண்டிக்குத் தனிப் பணம் உண்டு, செயல் அலுவலர் உண்டு, நிலத்துக்கு விலை ஏறும். நிலம் உள்ளவருக்கு இது லாபமான கணக்கு, கடைக்காரருக்கும்தான். கூலிக்குப் போகிறவருக்கு? 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் ஆணைகள் வந்தபோது பல ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்றார்கள். "வளர்ச்சியை எதிர்க்கும் அறியாமை" என்று சமூக ஊடகத்தில் சிலர் கேலி பேசினார்கள். எனக்கென்னவோ அந்த மக்கள் அரசாணையை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்றே தோன்றியது.

இந்தக் கோட்டைப் பொருட்படுத்தாமல் திட்டம் போட முடியாது என்றும் சொல்ல முடியாது. இதே மாவட்டத்தில் உதாரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறைபடும், எலும்பு வளையும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதி உதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் வந்தது, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் 3 நகராட்சி, 17 பேரூராட்சி, 18 ஒன்றியங்களின் குடியிருப்புகள் எல்லாம் ஒரே திட்டத்துக்குள். காரணம் எளிது: ஃபுளோரைடுக்கு வார்டு எல்லை தெரியாது. அந்தத் திட்டத்தில் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நோய் எங்கே இருக்கிறதோ அங்கே போகவேண்டும் என்று யோசித்தார்கள். கூலி வேலை எங்கே இருக்கிறதோ அங்கே உரிமை போகவேண்டும் என்று ஏன் யோசிக்கவில்லை?

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் நாம் எல்லோரும் இன்னும் 2011 எண்களை வைத்தே பேசுகிறோம். அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் நான் முதலில் தேடப்போவது தமிழ்நாட்டின் நகரமயச் சதவீதத்தை அல்ல. காரிமங்கலம் பேரூராட்சியில் விவசாயக் கூலி என்று பதிவான பெண்கள் எத்தனை பேர், பக்கத்துக் கிராம ஊராட்சிகளில் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மா அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு, தங்கச்சி ஊர் டவுன் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனார். அங்கே ஒருத்தர் காட்டில் நாளைக்குக் களைவெட்டாம்.