கைக்கு இசையும் கிட்டார்

கிட்டாரைப் பற்றிய நம் பேச்சு நாதத்தில் தொடங்கி விலையில் முடிகிறது. வாசிக்கும் கைக்கு அதில் இடமில்லை. தனுவச்சபுரத்தில் ரயிலேறி வடக்கே திருவனந்தபுரத்திலோ தெற்கே நாகர்கோவிலிலோ கிட்டார் வாங்கப் போகிறவர் மரத்தின் பளபளப்பைப் பார்க்கிறார், பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார். 12ஆம் பிரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. தடித்த கம்பிக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர், மெல்லியதற்கு இரண்டு. இதைவிட வெகுவாக உயர்ந்தால் எஃப் கார்டு பிடிப்பதே தண்டனை. விரல் காய்த்தால்தான் வித்தை வரும் என்பது, சரியாகச் சீர்செய்யாத கருவிக்கு நாம் சொல்லும் சாக்கு.

கோயில் கொயர்களில் பரவலாகக் காணப்படும் யமஹா எஃப்310 நேர்மையான கருவி. 634 மி.மீ. கம்பி நீளமும் 43 மி.மீ. நட் அகலமும் நடுத்தரக் கைக்குப் பொருந்துகின்றன. குறை அதன் உடலில்: சிறிய உருவத்தினரின் வலத்தோளை அது தூக்கிவிடும். அதே நிறுவனத்தின் சி40 நைலான் கம்பியால் விரலுக்கு மென்மையானது. ஆனால் 52 மி.மீ. அகலமுள்ள கழுத்து கட்டைவிரலைச் சோதிக்கும், கொயரின் பாட்டுக்கிடையே அதன் ஒலியும் அமுங்கிப்போகும். 580 மி.மீ. கம்பி நீளமுள்ள ஏபிஎக்ஸ்டி2 போன்ற சிறு கிட்டாரில், அதே கம்பியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை எஃப்310-ஐவிடச் சுமார் 16 விழுக்காடு குறையும். கவர்ச்சியான கணக்குதான். ஆனால் கிட்டாரை மாற்றாமல், முதல் கம்பியின் தடிமன் எண்ணை மட்டும் 12இலிருந்து 10க்கு மாற்றினாலே அந்தக் கம்பியின் இழுவிசை 30 விழுக்காடு இறங்கிவிடுகிறது. சில நூறு ரூபாய்ச் செலவு பல ஆயிரத்தை முந்துகிறது.

மெல்லிய கம்பிக்கு விலை உண்டு: ஒலி மெலியும். ஆம்ப்ளிஃபயரை எடைபோட வேண்டியது இந்த இடத்தில்தான். அது ஊரைக் கூட்டும் கருவியல்ல. கை மெதுவாகத் தட்டினால் போதும் என்று இசைவு தரும் கருவி. கிட்டாரையும் ஆம்பையும் தனித்தனியே மதிப்பிடும் வழக்கம் அதனால்தான் பிழையானது. வாட்டைக் கேட்டு வாங்குவதும் அப்படியே. 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காது அதைச் சிறு ஏற்றமாகவே உணரும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்பில் அக்கூஸ்டிக்கைச் செருகினால் மேல்ஸ்தாயியின் பொலிவு மாய்ந்து, டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் கேட்கும். அக்கூஸ்டிக்குக்கென்றே அமைந்த ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட், 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாதம் தெளிவு, மின்சாரம் போனால் மௌனம். ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் ஈஎக்ஸ் 50 வாட். எட்டு பென்சில் பேட்டரியிலும் ஓடும். சாய்ந்து நிற்பதால் ஒலி வாசிப்பவரின் காதுக்கு எட்டுகிறது. நான் இரண்டாவதன் பக்கம். காலடியில் கிடக்கும் ஆம்பின் ஒலி முழங்காலுக்குத்தான் போகும். தன் ஒலி தனக்குக் கேட்காதவர் ஓங்கித் தட்டுவார், மணிக்கட்டு நோகும்.

நிலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் குடித்த மரம் உப்பி, மேற்பலகை எழும்ப, கம்பியும் கூடவே உயர்கிறது. உலக விமர்சகர்கள் ஒற்றைப் பலகை மேற்புறத்தைப் புகழ்வது நாதத்தின் அளவில் நியாயம். ஏசி இல்லாத வீட்டில், ஒட்டுப்பலகையின் எளிதில் அசையாத தன்மை அதைவிடப் பெரிய தகுதி. எஃப்310-இன் மேற்புறம் ஒட்டுப்பலகை என்பதைக் குறையாக எழுதுவோரோடு இங்கே எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே என் தேர்வு: நடுத்தரக் கைக்கு எஃப்310, 10ஆம் எண் கம்பி, பிக்கப் ஒன்று, கம்பியைத் தாங்கும் சேடிலையும் நட்டையும் இழைத்துத் தரும் நல்ல கைவினைஞரிடம் ஒரு நாள். மீதிப் பணத்தில்தான் ஆம்ப். சிறிய கைக்கும் குழந்தைகளுக்கும் 580 மி.மீ. கிட்டார், அதன் அடிக்கம்பிகள் சற்றுத் தளர்ந்து ஒலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இழைக்கும் வேலையை மட்டும் மழைக்காலத்தில் கம்பி உயரத்தை அளந்த பிறகு செய்யச் சொல்லுங்கள்; கோடையில் இழைத்த சேடில் ஆடியில் பொய்த்துவிடும்.