கற்பூரவல்லியும் பீங்கான் தூசியும்

சளி பிடித்தால் முதலில் கற்பூரவல்லித் தொட்டியைத் தேடிப் போகிற வழக்கம் விருத்தாசலத்துக்கும் உண்டு. நாலு இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துத் தருவார்கள். இல்லையென்றால் கொதிநீரில் போட்டு, போர்வைக்குள் ஆவி பிடிப்பார்கள்.

இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இலையைக் கசக்கியதும் ஓமம்போல மூக்கில் ஏறுகிற வாசனைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பீனால்கள். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே. ஹைட்ராக்சில் தொகுதி உட்காரும் இடம்தான் வேறு. பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும் ஆற்றல் இரண்டுக்குமே ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஆய்வகத் தட்டில் ஊற்றியது இந்தப் பீனால்கள் செறிந்த எண்ணெய்; நாம் குடிப்பது இலைச்சாறு. இலையில் பெரும்பங்கு தண்ணீர். எண்ணெய் மேல்தோலின் சுரப்பி மயிர்களில் துளியளவே இருக்கிறது. அதுவும் ஒரு செடியில் கார்வக்ரால் மேலோங்கும், இன்னொன்றில் தைமால். மண்ணும் பருவமும் கூட அளவை மாற்றும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் மணமெல்லாம் அடுப்படிக்குத்தான். மூடி போடுங்கள். அதற்காக, புட்டியில் விற்கிற செறிந்த எண்ணெயை இலைக்குப் பதிலாக விழுங்கக் கூடாது. பீனால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். இதே குடும்பத்துச் செடியான மேலைநாட்டு சேஜின் எண்ணெயில் உள்ள தூஜோன், அளவு மீறினால் வலிப்பையே வரவழைக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. சிறுபிள்ளைகளுக்கு ஆவி பிடிப்பதில் சுடுநீர் கவிழும் ஆபத்தும் இருக்கிறது.

என் பெரிய கவலை இவற்றைப் பற்றியதல்ல. விருத்தாசலம் பீங்கான் ஊர். பொம்மைக்கும் மின் ஃபியூஸ் கட்டைக்கும் களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மாவு கலக்கிறார்கள். குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்கி, அங்கே தழும்பு கட்டும்; இந்த நோய்தான் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை எந்த இலையும் கரைக்காது, எந்த ஆவியும் வெளியேற்றாது. காசநோய் வரும் வாய்ப்பையும் சிலிக்கோசிஸ் கூட்டுகிறது. ஆவி பிடித்தால் சளி இளகும், மூச்சு கொஞ்சம் லேசாகும்; ‘சரியாயிடுச்சு’ என்று மறுநாளும் அதே தூசிக்குள் போவார்கள். இலை கெடுதல் செய்யாமலே கெடுதலுக்குத் துணைபோவது இப்படித்தான்.

சாதாரணச் சளிக்கு, பெரியவர்களுக்கு, நாலைந்து நாளைக்குக் கற்பூரவல்லி போதும். மாவு அரைக்கும் இடத்திலோ உலர்ந்த தூசி பறக்கும் இடத்திலோ வேலை பார்ப்பவருக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தாக வேண்டும். என்ன வேலை என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சிலிக்கோசிஸைச் சேர்த்திருந்தது.