கொடி பிடித்த கை

கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் பக்கம் நடந்தால் பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயம். மிக்கேல் சம்மனசை யார் வரைந்தாலும் நிலை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கால் பேயின் மேல், ஓங்கிய கையில் வாளோ ஈட்டியோ. சிலம்ப வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். பாரம் முழுக்க ஒற்றைக் காலில். அடுத்த சுவடு வைக்க வழியில்லை. போகட்டும், சம்மனசுக்கு இறக்கை இருக்கிறது.

அந்த மிக்கேலின் குரலைத்தான் 13 வயதில் கேட்டதாகச் சொன்னார், பிரான்சின் குடியானவர் வீட்டுப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க். இவருக்கு இறக்கை கிடையாது. அதனால் இவரைச் செதுக்கியவர்களை அவ்வளவு சுலபமாக விட முடியாது.

முதலில் ஸ்கோர். 1429 மே 8, இவர் கொடியேந்திப் போன பிரெஞ்சுப் படையால் ஓர்லியான் நகரின் மீதான ஆங்கிலேயர் முற்றுகை விலகியது. 1431 மே 30, எரித்துக் கொன்றார்கள். வயது 19 இருக்கும். 1920இல் புனிதர் பட்டம். எரிப்பதற்கு முன் நடந்த விசாரணையில் அவர் சொன்னது: வாளைவிடக் கொடி நாற்பது மடங்கு பிடிக்கும், யாரையும் கொல்லாமலிருக்கவே கொடியைத் தானே ஏந்தினார், ஒருவரையும் கொன்றதில்லை. கோல் அடிக்காத கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் உயிரோடிருந்தபோது வரைந்ததில் மிஞ்சியது ஒன்றே. பாரீஸ் நீதிமன்ற எழுத்தர் ஒருவர் 1429 மே 10 தேதியிட்ட பதிவேட்டின் ஓரத்தில் கிறுக்கியது. ஆளைப் பார்த்ததே இல்லை. குட்டை முடியை நீளமாக்கி, கவுனும் மாட்டிவிட்டார். மைதானத்துக்கே போகாமல் மேட்ச் ரிப்போர்ட் எழுதும் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் முன்னோடி. ஆனாலும் கொடியை விட்டுவிடவில்லை.

பிரெமியே என்ற சிற்பி 1874இல் பாரீஸில் வைத்த குதிரைவீரச் சிலையில் கை சரி: கொடி மேலே. குதிரைதான் சொதப்பல். ரேக்ளாவில் காளை மட்டும் கண்ணில் பட்டு, ஓட்டுகிறவர் எங்கே என்று தேடுவோமே, அப்படி. ஊர் சிரித்தது. மனுஷன் பிடிவாதம் பிடிக்காமல் 1899இல் சின்னக் குதிரையோடு மாற்றி வைத்தார். டூர் டி பிரான்ஸ் கடைசி நாளில் சைக்கிள் கூட்டம் வளைந்து போகும்போது டிவியில் பளபளக்கும் தங்கச் சிலை அதுதான். மோன் சேன் மிஷேல் மடத்தின் கோபுர உச்சியில் நிற்கும் மிக்கேலும் இவர் கைவேலையே.

நம் பக்கத்தில், புதுச்சேரி கப்ஸ் கோயிலுக்கு எதிரே வெள்ளைப் பளிங்கில் ஜோன் நிற்கிறார். குதிரை இல்லை, தகராறும் இல்லை.

என் ஓட்டு பாஸ்தியன் லெபாஜ் 1879இல் தீட்டிய ஓவியத்துக்கு. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாளும் இல்லை, கொடியும் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் நூல் வேலையில் இருந்த பெண் (மில் ஊர்க்காரர்கள் நமக்குச் சொல்லவா வேண்டும்) குரல் கேட்டு எழுந்துவிட்டார். ஒரு கை இலைகளை நோக்கி நீள்கிறது, கண் எங்கோ. பின்னால் பொன் கவசத்தில் மிக்கேல் மிதக்கிறார். நான் அச்சுப்படத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தது, எழுந்த வேகத்தில் கவிழ்ந்து கிடக்கும் அந்த முக்காலியை.