பின்னமும் நிகழ்தகவும்

அமெரிக்கக் கணித ஆசிரியர் தேசிய மன்றம் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட நியமங்கள், ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணாக்கர்க்கு நிகழ்தகவினையும் கற்பித்தல் வேண்டுமென விதந்துரைத்தன. 2010 ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளிவந்து பல மாநிலங்களால் ஏற்கப்பட்ட பொது நியமங்களோ, பின்னத்தை மூன்றாம் வகுப்பிலும், தசமக் குறியீட்டை நான்காம் வகுப்பிலும், சதவீதத்தை ஆறாம் வகுப்பிலும் அமைத்து, நிகழ்தகவினை ஏழாம் வகுப்புக்கு ஒத்திவைத்தன. பாட அட்டவணை வகுப்போர்க்கு இவ்வடைவு வசதியானதே. ஆயின், ஒன்றற்கொன்று துணையாக நிற்கவேண்டியவற்றை இது பிரித்துவிட்டது. சூதின் மருமத்தையும் எண்ணற்கலையையும் இருதுபன்னன் நளனுக்கு ஒருங்கே உணர்த்தினான் என்று பாரதம் கூறுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

முக்கால், 0.75, 75 சதவீதம் ஆகிய மூன்றும் ஒன்றே என மாணவன் மனனம் செய்கிறான். ஒரே எண்ணுக்கு மூன்று உருவம் எதற்கு என்பதை அவன் அறியான். ஒரு பையில் மூன்று சிவப்பு மணிகளும் ஒரு வெள்ளை மணியும் உள்ளன எனக் கொள்வோம். பாராமல் ஒன்றை எடுப்பின் அது சிவப்பாதற்குரிய நிகழ்தகவு 3/4. இது சிந்தனையாற் பெற்ற பின்னம். இனி, எடுத்த மணியை ஒவ்வொரு முறையும் திரும்பப் பையிலிட்டு, ஒருவன் 40 முறை எடுத்து 29 முறை சிவப்பைப் பெறுகிறான். மற்றொருவன் 50 முறை எடுத்து 37 முறை பெறுகிறான். 29/40, 37/50 என்னும் இரண்டில் முக்காலுக்கு அண்மையது எது? பின்னமாக நோக்கின் உடனே புலப்படாது. 0.725, 0.74 என எழுதிய அளவில் விடை வெளிப்படும். தசமத்தின் தேவையை மாணவன் தானே உணரும் இடம் இதுவே. அவன் அதனைப் பிறர்க்குச் சொல்ல விழையும்போது சதவீதம் வந்து உதவும்.

எனினும், இவ்விணைப்பை ஆதரிப்போரிடத்தும் ஒரு குறை காணப்படுகிறது. நிகழ்தகவினை அவர்கள் பின்னப் பயிற்சிக்கு ஒரு புதுக் கருவியாக மாத்திரம் கொள்கின்றனர். சாதகமான பேறுகளை மேலேயும் எல்லாப் பேறுகளையும் கீழேயும் எழுதினால் கணக்கு முடிந்தது என்பது அவர்தம் போதனை. அப்பேறுகள் சமமாக நிகழத்தக்கனவா என்ற வினா எழுவதேயில்லை. இவ்வினாவைக் கேளாமையால் இடறியவர் பேரறிஞர் தலம்பேர். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டுவதில் ஒரு தலையேனும் விழுதற்குரிய நிகழ்தகவு 3/4 ஆகும். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் அதனை 2/3 என வாதிட்டார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே பேறுகள் மூன்றே என்பது அவர் எண்ணம். அம்மூன்றில் முதலாவது பேறு மற்றைய ஒவ்வொன்றையும்விட இருமடங்கு நிகழத்தக்கது என்பதை அவர் ஏற்கவில்லை. அவருக்கே நேர்ந்த வழு பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு நேராதா?

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. 1/2 உடன் 1/3 ஐக் கூட்டி 2/5 என எழுதும் மாணவனை ஆசிரியர் கடிந்து திருத்துகிறார். ஆனால், அவன் காலையில் இருமுறை சுண்டி ஒரு தலையும், மாலையில் மும்முறை சுண்டி ஒரு தலையும் பெற்றால், அன்றைய பேறு ஐந்தில் இரண்டுதானே! திருத்தப்பட்ட பிழை நிகழ்தகவு வகுப்பிலே சரியான விடையாகத் திரும்பி வருகிறது. இதனை மறைத்தல் தகாது. மாணவர் முன் வெளிப்படையாக வைத்து ஆராய்தலே முறை. காலையில் நான்கு முறை சுண்டி இரு தலை பெற்றிருப்பின், 2/4 என்பதும் 1/2 என்பதும் ஒரே எண்ணாயினும், அன்றைய மொத்தம் 3/7 ஆகிவிடும். சமமான பின்னத்தை இட்டதும் விடை மாறுகிறதாகலின், ஈண்டு நிகழ்ந்தது எண்களின் கூட்டல் அன்று. இரு பதிவுகளின் சேர்க்கையே. 50 சதவீதத்தையும் 33⅓ சதவீதத்தையும் வாளா கூட்டிப் பாதியாக்கினால் வருவது 41⅔. ஐந்தில் இரண்டோ 40 சதவீதம். பின்னம் எதன் பகுதி என்று கேட்கும் பழக்கம் இல்லாத மாணவனுக்கு இவ்வேறுபாடு விளங்காது. அப்பழக்கம் ஏழாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டியதன்று. பின்னம் கற்கும் நாளிலேயே ஒரு பையும் நான்கு மணிகளும் இருந்தாற் போதும்.