நான்கு உள்ளீட்டு விதி தேறுமா?

சீமாஸ் சர்க்யூட் வடிவமைப்பில் வாய்ப்பாடு போல ஓதப்படும் விதி ஒன்று உண்டு: ஒரு கேட்டுக்கு நான்கு உள்ளீடுகளுக்கு மேல் வைக்காதே. நேண்ட், நார் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் இதையே சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு.

டிடிஎல் காலத்தில் இப்படியொரு கெடுபிடி இல்லை. 74133 என்ற சிப் 13 உள்ளீட்டு நேண்ட் கேட். உள்ளீடுகள் 13, வெளியீடு ஒன்று, மின்வழங்கலுக்கும் கிரவுண்டுக்கும் ஒவ்வொன்று. 16 பின்னும் தீர்ந்தது. அடிப்படை டிடிஎல் கேட்டில் இன்னோர் உள்ளீடு என்பது அதே டிரான்சிஸ்டரில் இன்னோர் எமிட்டர், அவ்வளவே.

சீமாஸ் நேண்டில் என்மாஸ் டிரான்சிஸ்டர்கள் தொடராக நிற்கின்றன. உள்ளீடு ஏற ஏற வழித்தடையும் ஏறுகிறது, இடைமுனைகளின் மின்தேக்கமும் சேர்கிறது. ஆகவே நீண்ட தொடரில் தாமதம் ஏறக்குறைய வர்க்கமாக வளரும். வரம்பு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நான்குதானா?

சதர்லாந்து, ஸ்ப்ரௌல், ஹாரிஸ் மூவரும் 1999இல் நூலாக்கிய ‘லாஜிக்கல் எஃபர்ட்’ முறையில் 8 உள்ளீட்டு ஆண்ட் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வழிகள் மூன்று. ஒரே 8 உள்ளீட்டு நேண்டும் இன்வெர்ட்டரும்: 18 டிரான்சிஸ்டர். இரண்டு 4 உள்ளீட்டு நேண்டும் ஒரு நாரும்: 20. இரண்டிரண்டு உள்ளீட்டு கேட்டுகளும் கடைசியில் ஓர் இன்வெர்ட்டருமாக, நான்கு படிகளில்: 30.

வெளியே இருக்கும் சுமை, உள்ளீட்டு மின்தேக்கத்துக்குச் சமமாக இருந்தால் தாமதம் முறையே 12.7, 9.7, 12.2 அலகு. நடுவழி சுலபமாக ஜெயிக்கிறது. சுமையை 12 மடங்காக்கினால் 21.6, 18.6, 16.8, இப்போது மூன்றாம் வழி முந்துகிறது. முதல் வழி இரண்டிலும் கடைசி. இத்தனைக்கும் இந்த முறை உள்தாமதத்தை நேர்விகிதமாகவே எடுத்துக்கொள்கிறது. அதாவது நீண்ட தொடருக்குச் சலுகை காட்டுகிறது. சலுகையோடும் தோற்பதைக் காப்பாற்ற வழியில்லை. மிச்சமாகும் இரண்டு டிரான்சிஸ்டருக்காக இந்தத் தாமதத்தை யார் சுமப்பார்கள்?

இதுவரை விதிக்குச் சாதகம். நாரைக் கொண்டுவந்தால் கதை மாறுகிறது. அங்கே தொடராக நிற்பவை பிமாஸ் டிரான்சிஸ்டர்கள். அவற்றின் ஓட்டத்திறன் என்மாஸில் பாதி என்று கொண்டால் 4 உள்ளீட்டு நாரின் லாஜிக்கல் எஃபர்ட், அதாவது அதே ஓட்டம் தர இன்வெர்ட்டரைப்போல் எத்தனை மடங்கு உள்ளீட்டு மின்தேக்கம் வேண்டும் என்ற அளவு, 3. நேண்டில் இதே 3 வர உள்ளீடு ஏழாக வேண்டும்! ஏழு உள்ளீட்டு நேண்டைக் கண்டால் முகம் சுளிக்கும் விதி, நான்கு உள்ளீட்டு நாரைக் கேள்வி கேட்காமல் விடுகிறது.

டைனமிக் நார் வேறு வகை. உள்ளீட்டு என்மாஸ்கள் பக்கவாட்டில் இணைவதால் அகலமான நாரையும் அங்கே தாராளமாகக் கட்டலாம். இந்த விதியை அங்கே இழுக்கவே கூடாது.

என் தீர்ப்பு: சாதாரண சீமாஸில் நேண்டுக்கு நான்கு என்ற வரம்பு தேறுகிறது; அதற்குள்ளும் எத்தனை படி என்பதைச் சுமையைக் கணக்கிட்டே முடிவுசெய்ய வேண்டும். நாருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் பாடக்குறிப்பைத் திருத்தியே ஆகவேண்டும்.